மாமாவுக்கு இது எந்த வருஷம்?

உறவினர் வீட்டுக்குப் போகிறோம். உள்ளறைக் கட்டிலில் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு டிமென்ஷியா என்று முன்பே காதில் விழுந்திருக்கிறது. போனதும் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "என்னைத் தெரியுதா?" அடுத்தது, "இன்னைக்கு என்ன கிழமை, சொல்லுங்க பார்ப்போம்." பாசத்தில் கேட்பதுதான். ஆனாலும் அது ஒரு பரீட்சை, அவர் தோற்றே தீர வேண்டிய பரீட்சை. அவர் மருமகளின் முகத்தைப் பார்க்கிறார். எதையோ சொல்லிச் சமாளிக்கிறார், இல்லாவிட்டால் எரிந்து விழுகிறார். வந்தவர் 'உச்' கொட்டிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புகிறார். அதன் பிறகு இரவு வரை அந்த வீடு பட்ட பாடு அவருக்குத் தெரியப்போவதில்லை.

நாளும் கிழமையும் கேட்பது மருத்துவரின் வேலை. 1901-ல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அலாய்ஸ் அல்சைமர், அகுஸ்டே டிட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் இது என்ன ஆண்டு என்று கேட்டார். ஆயிரத்து எண்ணூறு என்றார் அந்த அம்மாள். அல்சைமர் பெயரால் பின்னர் அழைக்கப்பட்ட நோயின் முதல் பதிவிலேயே இந்தக் காலக் குழப்பம் இருக்கிறது. 1975-ல் வெளிவந்து இன்றும் உலகெங்கும் பயன்படும் எம்எம்எஸ்இ என்ற சோதனையின் 30 மதிப்பெண்களில் 5 மதிப்பெண் காலத்துக்கே: ஆண்டு, பருவம், மாதம், தேதி, கிழமை. அரியானாவின் பல்லப்கரில், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியவர்களுக்காக 1990-களில் இதை மாற்றியமைத்தபோது, இது காலையா மாலையா என்ற கேள்வியைச் சேர்த்தார்கள். தேதி பார்க்காமலே வாழ்ந்து முடித்தவர்கள் உண்டு. பொழுது பார்க்காமல் வாழ்ந்தவர்கள் இல்லை. (மும்பையில் இந்தச் சோதனையை நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சிஎஸ்எம்டி ரயில் நிலையத்தைப் பெரியவர் பழைய பெயரில் 'விடி' என்று சொன்னால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள். பெயர் மாறியது 1996-ல். மும்பையை அடுத்த கல்யாணில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்.)

காலம் குழம்பிப்போனவரிடம் சரியான தேதியை நிலைநாட்டுவது குடும்பத்தின் வேலையல்ல என்பது என் கட்சி. அவர் எந்த வருஷத்தில் நிற்கிறாரோ, அங்கே அவருக்கு என்ன தேவைப்படுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அந்த வேலையை வீட்டில் இருக்கும் ஒரே ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டு மற்ற எல்லோரும் ஆலோசனை மட்டும் சொல்வது அநியாயம்.

இந்தக் கல்யாணையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ரயில் வந்தது 1854-ல். நாட்டின் முதல் பயணிகள் ரயில் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடியதற்கு அடுத்த ஆண்டு. காஸராவுக்கும் கர்ஜத்துக்கும் தடம் பிரிகிற இந்த ஜங்ஷனை ஒட்டித் தமிழர்கள் குடியேறியதற்கும் ரயில்தான் காரணம். ரயில்வேயிலேயே வேலை பார்த்தவர்கள் ஒரு பக்கம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே வந்து, கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குத் தினமும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தொங்கிக்கொண்டு போய்வந்த ஸ்டெனோக்களும் கணக்கர்களும் இன்னொரு பக்கம். அந்த வீடுகளில் மணி பார்த்ததே லோக்கலை வைத்துத்தான். இந்த ஃபாஸ்ட் போனால் ஆபீசில் அரை நாள் போச்சு என்று முப்பது, முப்பத்தைந்து வருஷம் ஓடிய உடம்பு அது.

அப்படி ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தூங்கி எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, "டப்பா ரெடியா? ஃபாஸ்ட் போயிடும்" என்கிறார். "மாமா, நீங்க ரிட்டயர் ஆகி இருபது வருஷம் ஆச்சு" என்று மருமகள் சொல்கிறாள். சொன்னது உண்மை. ஆனால் ஒரு மனிதரிடம் அவருடைய இருபது வருஷத்தை ஒரே வாக்கியத்தில் பிடுங்கிக்கொள்கிற உண்மை. அவர் நம்பமாட்டார். தன்னை வேண்டுமென்றே தடுக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். குரல் உயரும், கதவை இழுப்பார், பக்கத்து ஃபிளாட் எட்டிப் பார்க்கும்.

புதிய நினைவு முதலில் போகும், பழையது கடைசி வரை நிற்கும் என்று 1881-லேயே பிரெஞ்சு உளவியலாளர் தியோதூல் ரிபோ எழுதிவைத்தார். இன்றைய நாளைப் பதிந்துவைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி அல்சைமரில் ஆரம்பத்திலேயே சேதமாகிறது. நேற்று என்பது பதியவே இல்லையென்றால், மனம் தனக்குக் கெட்டியாகத் தெரிந்த ஒரு காலத்தில் போய் நின்றுகொள்கிறது. இதோடு இன்னொரு சிக்கலும் சேரும். கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள் ஒன்று, வெளிச்சத்தை வைத்து உடம்புக்குப் பகல் இரவு சொல்கிறது. இந்த நோயில் அதுவும் தேய்கிறது. பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடுவதும், நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து குளிக்கப் போவதும் பிடிவாதம் அல்ல.

சரி, மருமகள் என்னதான் சொல்ல வேண்டும்? "டப்பா இன்னும் ஆகலை மாமா, உட்காருங்க. உங்க ஆபீஸ்ல லேட்டா வந்தா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டுப் பார்க்கலாம். ஹெட் கிளார்க்கின் கடுகடுப்பில் தொடங்கி, ஓடும் வண்டியில் ஏறிய கதை வரை வரும். அவருக்கு வேண்டியிருந்தது ரயில் அல்ல, தான் வேலைக்குப் போகிற, நாலு பேருக்கு வேண்டிய ஆள் என்ற நினைப்பு. கையில் ஒரு வேலையைக் கொடுத்தால், அவரைக்காய் உரிப்பதோ துணி மடிப்பதோ, பல நாள் அதிலேயே அடங்கிவிடும். சில நாள் அடங்காது. அன்றைக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு அவரோடு சொசைட்டியை இரண்டு சுற்று வருவதைத் தவிர வேறு வழியில்லை.

ஜெர்மனியின் டுஸல்டார்ஃப் நகரில் பென்ராத் முதியோர் இல்லத்தின் வாசலில் ஒரு பேருந்து நிறுத்தத்தை அமைத்தார்கள். நிஜ நிறுத்தம் போலவே பலகை, பெஞ்சு எல்லாம் உண்டு, பேருந்து மட்டும் வராது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் அங்கே போய் உட்காருவார்கள். கொஞ்ச நேரத்தில் எதற்கு வந்தோம் என்பது மங்கிப்போகும். ஊழியர் வந்து, வண்டி தாமதம், உள்ளே போய் காபி குடிப்போமா என்று அழைத்துப்போவார். இது கருணையா, ஏமாற்றா என்று உலகம் முழுக்க விவாதித்தார்கள். இந்தச் சண்டை பழையது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நாள், இடம், பெயர் மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லி நோயாளியை நிகழ்காலத்துக்கு இழுக்கும் முறை ஒரு காலத்தில் கோலோச்சியது. அது மனிதர்களை மேலும் ஒடுங்கச் செய்கிறது என்று கண்டு, அவர்கள் இருக்கும் உலகத்தை ஏற்றுக்கொண்டு பேசும் முறையை 1960-களிலிருந்து வளர்த்தார் நவோமி ஃபைல்.

எனக்கு இரண்டு கட்சியும் முழுதாகச் சம்மதமில்லை. நோயின் தொடக்கத்தில் இருப்பவருக்குத் தேதி தெரிவது தெம்பு தரும். அவரிடம் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார், அதற்குப் பிறகு நம்மை நம்பமாட்டார். நோய் முற்றியவரிடம் கதை வேறு. இறந்து பத்து வருஷமான கணவரை "எங்கே இன்னும் காணோம்" என்று தேடுகிற அம்மாவிடம், "அப்பா போய்ச் சேர்ந்துட்டாரே" என்று ஒவ்வொரு முறையும் சொல்வது, ஒவ்வொரு முறையும் அவரைப் புதிதாக விதவையாக்குவது. அந்தக் கொடுமையை வாய்மை என்று சொல்லமாட்டேன். "அப்பாவைத் தேடுதா? அவருக்கு என்ன சமைச்சா பிடிக்கும்?" என்று கேட்பதில் பொய்யும் இல்லை, சாவுச் செய்தியும் இல்லை.

மும்பைத் தமிழரின் கடந்த காலம் எல்லாமே இனிப்பானதல்ல என்பதையும் மறக்கக் கூடாது. 1966-ல் சிவசேனா தொடங்கி, தென்னிந்தியருக்கு எதிரான 'லுங்கி ஹடாவ்' கோஷம் தெருவில் கேட்ட ஆண்டுகளில் வாலிபர்களாக இருந்தவர்களுக்கு இன்று எண்பது வயது. வாசலில் கணபதி ஊர்வலத்தின் கூச்சல் கேட்டதும், "கதவைச் சாத்து, பேர்ப் பலகையைக் கழட்டு" என்று ஒரு பெரியவர் பதறினால், அது அர்த்தமில்லாத பிதற்றல் இல்லை. அவர் இருக்கும் வருஷத்தில் அது நியாயமான பயம். ரயில்வே காலனியில் வாழ்ந்தவர்களுக்கு 1974 இருக்கிறது. மே 8 முதல் 27 வரை நடந்த ரயில்வே வேலைநிறுத்தம், கைது, வேலை போய்விடுமோ என்ற திகில். அந்த வேலைநிறுத்தத்தை நடத்திய ஜார்ஜ் ஃபெர்னாண்டஸுக்கே அல்சைமரும் பார்க்கின்சனும் வந்தன. 2019 ஜனவரியில் மறையும் வரை கடைசிப் பல ஆண்டுகள் அவர் பொதுவாழ்வில் இல்லை. அவரை யார் பார்த்துக்கொள்வது, யார் சந்திக்கலாம் என்பது நீதிமன்றம் வரை போயிற்று. நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் குடும்பத்துக்கே அந்த நிலை.

மொழியும் பின்னோக்கிப் போகும். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வு, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுகிறவர்களுக்கு டிமென்ஷியா சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வருகிறது என்றது. தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் என்று நான்கு மொழியில் பேரம் பேசும் நமக்கு அது நல்ல செய்திதான். ஆனால் நோய் வந்த பிறகு, பின்னால் கற்ற மொழிகள் தளர்ந்து தாய்மொழி மட்டும் எஞ்சுவதைப் பல குடும்பங்கள் பார்க்கின்றன. பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் பியூரோவிலிருந்து வரும் மாவ்ஷிக்குத் தமிழ் தெரியாது. பேரனுக்குத் தமிழ் அரைகுறை. பெரியவர் 'தாகமா இருக்கு' என்பதைக்கூடப் புரிந்துகொள்ள ஆள் இல்லாத வீட்டில், நாள் கிழமை பற்றி என்ன பேசுவது? பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களை மராத்தி எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தால் மாவ்ஷிக்கும் நிம்மதி.

இடம் மாறுவது இவர்களுக்குப் பேரிடி. காலத்தைத் தொலைத்தவர்கள் பிடித்துக்கொண்டிருப்பதே இடத்தைத்தான்: ஜன்னல் எந்தப் பக்கம், பாத்ரூம் எத்தனை எட்டு. மாட்டுங்கா, செம்பூர்ப் பழைய கட்டடங்கள் ரீடெவலப்மெண்டுக்குப் போகின்றன. வாடகைப் பணத்தை வாங்கிக்கொண்டு குடும்பங்கள் சில வருஷத்துக்கு டோம்பிவிலி, கல்யாண் என்று பெயர்கின்றன. தாராவியே இப்போது அந்த வாசலில் நிற்கிறது. கட்டட ஒப்பந்தத்தில் கார்ப்பெட் ஏரியாவுக்குச் சண்டை போடுகிற நாம், மறதிநோய் உள்ளவர் இருக்கும் வீட்டைப் பக்கத்துத் தெருவிலேயே மாற்றித் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டதுண்டா? புது வீட்டில் "நம்ம வீட்டுக்குப் போலாம்" என்று அவர் நச்சரிப்பதில் குழப்பம் ஏதும் இல்லை. சரியாகத்தான் சொல்கிறார்.

"ஊருக்குப் போகணும்" என்பது வேறு. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக்கோ பாலக்காட்டுக்கோ அழைத்துப்போனால் தெளிந்துவிடும் என்று நம்பி டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு. அங்கே ஓட்டு வீடு காங்கிரீட் ஆகியிருக்கும், குளம் பேருந்து நிலையமாகியிருக்கும், திண்ணையில் முகம் தெரியாதவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். போய் இறங்கிய ராத்திரியே மறுபடியும் "ஊருக்குப் போகணும்." அவர் கேட்ட ஊருக்கு டிக்கெட் கிடையாது. பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கேட்பது இரண்டு நாள் ரயில் பயணத்தைவிடப் பலன் தரும்.

இந்த நோயில் வீட்டுப் பெண்களை மிகவும் நோகடிக்கும் குழப்பம் சாப்பாட்டில் வருகிறது. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டவர் ஒரு மணிக்கு, "காலையிலேருந்து பட்டினி" என்பார். அதுவும் தம்பியோ அக்காவோ ஊரிலிருந்து போன் பண்ணும்போதுதான் சொல்வார். வருஷத்துக்கு ஒரு தடவை வரும் சொந்தம் அதை அப்படியே நம்பும். மருமகள் சோறு போடுவதில்லை என்ற பேச்சு தூத்துக்குடி வரை போய்விடும். ராத்திரி மூன்று முறை எழுந்து ஈரத் துணி மாற்றுகிறவளுக்குக் கிடைக்கிற பட்டம் இது. மதியச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது, சாப்பிட்ட தட்டைக் கொஞ்ச நேரம் கண்ணில் படும்படி வைப்பது, கேட்கும்போது வாதாடாமல் ஒரு வாழைப்பழத்தைக் கொடுப்பது என்று வீட்டுக்குள் செய்ய வழிகள் உண்டு. ஊர் வாய்க்கு மருந்து வெளியே இருப்பவர்களிடம்தான் இருக்கிறது. பெரியவரின் புகாரைக் கேட்டதும் தீர்ப்பு எழுதுவதற்கு முன், மூன்று நாள் வந்து தங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொழுதைக் காட்டித் தருவதற்கு நம்மிடம் நல்ல கருவிகள் இருக்கின்றன. மும்பை வீடுகளில் தொங்கும் காலநிர்ணய் மாதம் முழுவதையும் ஒரே தாளில் காட்டும். குழம்பியவருக்கு அது எண்களின் கூட்டம். ஊரிலிருந்து வரும் தினசரி காலண்டர் மேல். பெரிய எழுத்து, ஒரு நாளுக்கு ஒரு தாள். நேற்றைய தாளைக் காலையில் அவர் கையாலேயே கிழிக்கச் சொல்லுங்கள். சுப்ரபாதம், டிகாக்‌ஷன் வாசம், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, ஆறு மணி விளக்கு எல்லாம் தேதியைவிட ஆழமாக உடம்பில் ஊறியவை. நேரம் தவறாமல் அவை நடந்தால் பாதிக் குழப்பம் வராது. கல்யாணில் மழைக்காலம்தான் சோதனை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மதியம் மூன்று மணியே ஏழு மணி போல இருண்டு கிடக்கும். அந்த நாட்களில் விளக்கேற்றும் நேரம் வரை காத்திராமல் மதியமே எல்லா டியூப் லைட்டையும் போட்டுவிடுங்கள். பகலில் தூங்கினால் அரை மணியில் எழுப்பிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நேற்று வரை தேதி சொன்னவர் இன்று திடீரென்று எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போனால், அதை மறதிநோய் என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, புது மாத்திரை, எப்போதோ விழுந்ததில் மூளையில் கசிந்த ரத்தம், இதில் எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. மெதுவாக வரும் மறதிக்கும் பி12 குறைவும் தைராய்டும் காரணமாகலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் அல்சைமர் என்று முடிவு கட்டாதீர்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறவர்கள் விஷயத்தில் கல்யாண் ஆபத்தான ஊர். கால் பழகிய பாதை நேரே ஸ்டேஷனுக்குத்தான் போகும், ஏறிய வண்டி கர்ஜத் போகுமா விடி போகுமா என்று யார் கண்டது? சட்டைப் பையில் போன் எண் எழுதிய சீட்டு, வாட்ச்மேனிடமும் ரிக்‌ஷா ஸ்டாண்டிலும் ஒரு போட்டோ. நோயை மறைத்துவைக்கிற குடும்பத்துப் பெரியவர்தான் தொலைந்தால் கிடைப்பது கடினம். காணோம் என்றால் ராத்திரி வரை தேடாமல் உடனே 112-ஐ அழைக்க வேண்டும்.

இதெல்லாம் வீட்டுக்குள் செய்வது. வெளியிலிருந்தும் உதவி வேண்டும். 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகக் கணித்தது. 2024 அக்டோபர் முதல் 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் ஆயுஷ்மான் பாரத் அட்டை உண்டு. படுக்கையில் சேர்த்தால் 5 லட்சம் வரை செலவு கிடைக்கும். இந்த நோயாளிக்கோ பல வருஷம் படுக்கை தேவைப்படுவதில்லை. தினமும் எட்டு மணி நேரம் கூட இருக்க ஓர் ஆள் வேண்டும். அதற்கு ஒரு ரூபாயும் இல்லை. கேரள அரசு, 1992-ல் அங்கே தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ என்ற அல்சைமர் அமைப்போடு சேர்ந்து, 'ஸ்மிருதிபதம்' என்ற பெயரில் இதற்கென்றே பராமரிப்பு மையங்களைத் தொடங்கியது. மும்பையில் டிக்னிட்டி ஃபவுண்டேஷன் போன்ற சில அமைப்புகள் பகல் நேர மையம் நடத்துகின்றன. லோக்கலில் ஏற முடியாத 80 வயதுக்காரருக்கு மும்பை மையம் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சி வார்டுக்கு ஒன்று வேண்டாம், ஊருக்கு இரண்டு திறக்கட்டும்.

மாநகராட்சி வரும் வரை நாம் உட்கார்ந்திருக்கவும் வேண்டியதில்லை. கல்யாணிலும் டோம்பிவிலியிலும் செம்பூரிலும் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் சமாஜங்களுக்கும் ஹால்கள் இருக்கின்றன. வார நாள் காலையில் அவை பூட்டிக் கிடக்கின்றன. வாரத்துக்கு இரண்டு காலை திறந்து, காபி போட்டு, தமிழ் பேசும் நாலு தன்னார்வலர்களை உட்கார வைத்தால், பத்துப் பெரியவர்கள் தங்கள் வருஷத்தைப் பற்றித் தங்கள் மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் பத்து வீடுகளில் பத்துப் பெண்கள் தூங்கலாம், வங்கிக்குப் போகலாம், சும்மாவும் இருக்கலாம். நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் இதை எழுதிக்கொள்ள வேண்டும்.

பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டு எண்கள்: முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. டெலி மானஸில் தமிழிலும் பேசலாம். பெரியவருக்காக மட்டும் என்றில்லை, உங்களுக்கு முடியவில்லை என்றாலும் கூப்பிடுங்கள்.